பசை, தின்னர் முகர்வதை நிறுத்தி 11 வாரம்: தள்ளாட்டம் போகவில்லை, பாதம் இன்னும் மோசமாகிறது. ஏன்?

செந்தூல்_இல்லம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் இல்லத்தில் தங்கியிருக்கும் ஒரு தம்பிக்காகக் கேட்கிறேன். வயது 24. 13 வயதில் செருப்பு ஒட்டும் பசையை முகர்வதில் தொடங்கியது, 19க்கு மேல் சாயம் கரைக்கும் தின்னரும் சேர்ந்துகொண்டது, ஏறக்குறைய தினமும். நிறுத்தி 11 வாரம். குடி கிடையாது.

காலை அகட்டி வைத்துத்தான் நடக்கிறார். சட்டென்று திரும்பினால் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கை மடியில் இருக்கும்போது நடுங்குவதில்லை. மைலோ கோப்பையை எடுக்கப் போனால் கிட்டே நெருங்க நெருங்க ஆடுகிறது. பேச்சு குழறுகிறது. ஒரு வேலை சொன்னால் தலையாட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். கடந்த நான்கு வாரமாகப் புதிதாக ஒன்று: இரண்டு பாதமும் மரத்துப்போகிறது என்கிறார். நடக்கும்போது சிலிப்பர் கழன்று பின்னால் விழுந்தாலும் தெரிவதில்லை.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் இருப்பதைத் தமிழில் எழுதுகிறேன்: மூளை அறைகளைச் சுற்றியுள்ள வெண்பொருளில் இரு பக்கமும் பரவலாக வெண்மை, சாம்பல்பொருளுக்கும் வெண்பொருளுக்கும் உள்ள எல்லை மங்கல், தலாமஸ் (மூளையின் நடுவில் உள்ள ஒரு பகுதி) கறுத்துத் தெரிகிறது, சிறுமூளை சுருக்கம். நரம்பியல் சந்திப்புக்கு இன்னும் 5 வாரம் இருக்கிறது. நிறுத்திய பிறகு ஏன் மோசமாக வேண்டும்? எவ்வளவு திரும்பும்? அதுவரை நாங்கள் என்ன செய்யலாம்? மற்ற பையன்கள் சோம்பேறி என்கிறார்கள், அவருடைய அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறார்.


நரம்பியல்_பினாங்கு

அக்கா, நீங்கள் எழுதியதில் இரண்டு தனித்தனிச் சேதங்கள் இருப்பதாகத் தோன்றுகிறது. தள்ளாட்டம், நடுக்கம், குழறல், மந்தம் ஆகியவை மூளையில். பாதம் மரப்பது பெரும்பாலும் காலுக்குப் போகும் நரம்பில். இரண்டுக்கும் காரணமான ரசாயனம் வேறு, போக்கும் வேறு.

முதலில் மூளை. பசையிலும் தின்னரிலும் உள்ள டொலுவீன் கொழுப்பில் நன்றாகக் கரையும். நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் உறையில் உலர் எடையில் ஏறக்குறைய 70 விழுக்காடு கொழுப்புதான். அதனால் மையலின் நிறைந்த வெண்பொருள்தான் அதிக அடி வாங்குகிறது. தடித்த மையலின் உறை உள்ள இழையில் சமிக்ஞை விநாடிக்கு 100 மீட்டர் வரை ஓடும், உறையே இல்லாத மெல்லிய இழையில் சுமார் 1 மீட்டர்தான். உறை பழுதானால் மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று பேசும் வேகம் விழுந்துவிடும். உங்கள் அறிக்கையில் உள்ள வெண்மையும் மங்கலும் இதைத்தான் காட்டுகின்றன. தலாமஸ் கறுத்துத் தெரிவதும் நீண்டகால டொலுவீன் முகர்வில் அடிக்கடி காண்பது. தனியாக ஒரு புதிய நோய் என்று பயப்பட வேண்டாம்.

இப்போது "சோம்பேறி" என்ற பேச்சு. இதை ஒரு நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். பதில் வராமல் திணறினால், "தோசையா, ரொட்டி சானாயா, நாசி லெமாக்கா?" என்று தேர்வு கொடுத்துக் கேளுங்கள். சரியானதைச் சட்டென்று சொல்லிவிட்டால், நினைவு உள்ளே பதிந்திருக்கிறது, எடுத்துத் தரும் வழிதான் கெட்டிருக்கிறது என்று பொருள். வெண்பொருள் பாதிப்பில் இப்படித்தான் இருக்கும். சொல்வளமும் இலக்கணமும் ஓரளவு தப்பித்திருக்கும். கவனம், வேகம், தானாக ஒன்றைத் தொடங்கும் உந்துதல் இவைதான் போயிருக்கும். தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பது பிடிவாதம் இல்லை, தொடங்கும் விசை வேலை செய்யாத நிலை. அம்மாவை அழைத்து இந்தச் சோதனையை அவர் கண் முன்னால் செய்து காட்டுங்கள். எத்தனை விளக்கம் சொன்னாலும் அது கொடுக்கும் தெளிவு வராது.

பழகும் முறையையும் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை. சொன்ன பிறகு பத்து விநாடி வாய் திறக்காமல் காத்திருங்கள்; அவசரப்பட்டு மறுபடி சொன்னால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். "அறையைச் சுத்தம் செய்" என்பதற்குப் பதில் "போர்வையை மடி", அது முடிந்தபின் "துடைப்பத்தை எடு". டிவி ஓடும்போது எதுவும் சொல்ல வேண்டாம்.

எவ்வளவு திரும்பும் என்பதற்கு நேர்மையான பதில்: கொஞ்சம் திரும்பும், முழுதாக என்று யாரும் உறுதி தர முடியாது. 1986இல் அமெரிக்காவில், முகர்வதை நிறுத்திக் குறைந்தது 4 வாரம் ஆன 20 பேரைப் பரிசோதித்தபோது 13 பேருக்கு நரம்பியல் குறை இருந்தது. சிந்தனைத் திறன் பாதிப்பு 60 விழுக்காட்டினருக்கு, நடையையும் சமநிலையையும் கவனிக்கும் சிறுமூளையில் பாதிப்பு 45 விழுக்காட்டினருக்கு. ஆக, 11 வாரம் ஆகியும் தள்ளாட்டம் நீடிப்பது எதிர்பாராதது இல்லை. மறுபக்கம், வட ஆஸ்திரேலியாவில் பெட்ரோல் முகர்ந்தவர்களை நிறுத்திய இரண்டு ஆண்டுக்குப் பிறகு மீண்டும் பார்த்த ஆய்வு 2005இல் வந்தது. பலருக்குத் தள்ளாட்டமும் சிந்தனைத் திறனும் ஓரளவோ முழுமையாகவோ மேம்பட்டிருந்தன. ஈய நச்சால் மூளை வீங்கி மருத்துவமனையில் கிடந்தவர்களுக்குத்தான் முன்னேற்றம் மிகக் குறைவு. ஈயம் கலந்த பெட்ரோலும் தின்னரும் ஒன்றில்லை, அதனால் அந்தக் கணக்கை அப்படியே இவருக்குப் போட முடியாது. ஆனால் மாதக் கணக்கில் இல்லாமல் ஆண்டுக் கணக்கில் பார்க்க வேண்டிய விஷயம் என்பது உறுதி. இரண்டு ஆண்டு முழுச் சுத்தமாக இருந்த பிறகுதான் "இதுதான் மிச்சம்" என்று ஒரு கோடு போடலாம்.

மையலினைத் திரும்ப வளர்க்கும் மருந்து எதுவும் இல்லை. மூளை டானிக் என்று விற்பவர்களிடம் பணத்தை இழக்க வேண்டாம்.

இனி பாதம். சில பசைகளில் டொலுவீனோடு என்-ஹெக்சேன் இருக்கும். கல்லீரல் அதை 2,5-ஹெக்சேன்டயோனாக மாற்றுகிறது. அது நரம்பிழைக்குள் இருக்கும் நுண்ணிழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அடைபட்ட இடத்தில் இழை புடைத்து, அதற்கு அப்பால் உள்ள நுனி பட்டுப்போகிறது. நீளமான நரம்புதான் முதலில் விழும், ஆகவே பாதம். நிறுத்திய பிறகும் இந்தச் சேதம் இரண்டு, மூன்று மாதம், சில வேளை நான்கு மாதம் வரை கூடிக்கொண்டே போகும். பிரேக் போட்ட பிறகும் லாரி கொஞ்ச தூரம் ஓடுவது மாதிரி. இவருக்கு 11 வாரம் என்பது இந்தக் கணக்குக்குள் வருகிறது. நான்கு மாதம் தாண்டியும் கூடினால், மறுபடி முகர்கிறாரா, அல்லது சர்க்கரை, பி12 குறைவு போல வேறு காரணம் உண்டா என்று தேட வேண்டும்.

அவர் பயன்படுத்திய பசையின் பெயர் தெரிந்தால் விற்பனையாளரிடம் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள். மலேசியாவின் 2013ஆம் ஆண்டு வகைப்படுத்தல், லேபிள் விதிமுறைகளின்படி, அபாயகர ரசாயனத்தை விற்பவர் அதைத் தர வேண்டும். அதில் சி.ஏ.எஸ். எண் (ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உள்ள அடையாள எண்) 108-88-3 என்றிருந்தால் டொலுவீன், 110-54-3 என்றிருந்தால் என்-ஹெக்சேன். அந்தத் தாளோடு சந்திப்புக்குப் போங்கள். நரம்புக் கடத்தல் சோதனையும் வேண்டும் என்று கேளுங்கள். கண் சோதனை, காது சோதனை இரண்டையும் விடாதீர்கள். டொலுவீன் பார்வை நரம்பையும் கேட்கும் திறனையும் தாக்கும். காது மந்தமாகி, அதை எல்லோரும் மறதி என்று எடுத்துக்கொள்வதும் நடக்கும்.


ஆய்வகம்_கெப்போங்

டாக்டர் சொன்னதோடு ஒன்று. ஐந்து வாரம் காத்திருக்காமல் இந்த வாரமே கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) ரத்தம் கொடுத்துவிடுங்கள். குணப்படுத்தக்கூடிய காரணம் ஏதாவது கூடவே ஒளிந்திருந்தால் அது இப்போதே தெரிய வேண்டும்.

பொட்டாசியம், பைகார்பனேட், குளோரைடு, கிரியேட்டினின் முதலில். டொலுவீன் சிறுநீரகத்தின் அமிலம் வெளியேற்றும் வேலையைக் கெடுத்து, பொட்டாசியத்தை வீணாக்கும். சாதாரண அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல். 2.5க்குக் கீழே போனால் கை கால் தூக்க முடியாத அளவு பலவீனமும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். 11 வாரம் சுத்தமாக இருப்பவருக்கு இது பொதுவாகச் சரியாகியிருக்கும். இப்போதும் குறைவாக வந்தால் அதுவே ஒரு தகவல். இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியம் உள்ளவைதான், ஆனால் 2.5ஐ அவற்றால் ஏற்ற முடியாது, மருத்துவமனைதான்.

அடுத்து முழு ரத்த எண்ணிக்கை, கல்லீரல், தைராய்டு, பி12, எச்.ஐ.வி., சிபிலிஸ். சரியாகச் சாப்பிடாமல் மெலிந்திருந்தால் தயமின், அதாவது பி1, கொடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். தயமின் குறைவும் இதே மாதிரித் தள்ளாட வைக்கும், அது ஊசி போட்டால் சரியாகக்கூடியது. பலூனில் அடைத்து விற்கும் சிரிப்பு வாயுவையும் எப்போதாவது இழுத்தாரா என்று தனியாக, கோபப்படாமல் கேளுங்கள். அந்த வாயு உடலில் உள்ள பி12ஐ வேலை செய்யவிடாமல் ஆக்கும். ரத்தத்தில் பி12 அளவு சரியாகவே காட்டினாலும் முதுகுத்தண்டு கெடும். அப்போது, பி12 வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடும் ஹோமோசிஸ்டீன், மெத்தில்மலோனிக் அமிலம் இரண்டையும் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பாதம் மரக்கிறது என்றால் பலர் நரம்பு வைட்டமின் வாங்கிக் கொடுப்பார்கள். சில பி மாத்திரைகளில் ஒன்றிலேயே 200 மில்லிகிராம் பி6 உண்டு. தினம் இரண்டு மூன்று என்று மாதக்கணக்கில் விழுங்கினால் அந்த பி6 சத்தே உணர்வு நரம்பைக் கெடுக்கும், அப்புறம் எது எதனால் என்று பிரிக்கவே முடியாது. டாக்டர் எழுதாமல் வேண்டாம்.


பிசியோ_ஜெலுத்தோங்

சந்திப்புவரை வீட்டிலேயே அளந்து எழுதி வையுங்கள். "கொஞ்சம் பரவாயில்லை" என்று சொல்வதைவிட ஐந்து வார எண்கள் டாக்டருக்கு ஆயிரம் மடங்கு உதவும். வாரம் இரு முறை, ஒரே நேரத்தில், ஒரே சப்பாத்தோடு.

நடை: தாழ்வாரத்தில் 10 மீட்டர் டேப்பால் குறித்து, இரு முனையிலும் 2 மீட்டர் கூடுதலாக விட்டு, நடுவில் உள்ள 10 மீட்டருக்கு எத்தனை விநாடி என்று கைப்பேசியில் அளவிடுங்கள். கோட்டு நடை: தரை ஓட்டின் இணைப்புக் கோட்டில் குதிகாலோடு விரல் ஒட்ட 10 அடி, எத்தனை அடியில் கோட்டை விட்டு விலகுகிறார் என்று எழுதுங்கள். ஒருவர் பக்கத்திலேயே, இடுப்பைப் பிடிக்கும் தூரத்தில் நிற்க வேண்டும். கை: 20 சென் காசு இருபதை மேசையில் பரப்பி, மூடியில் துளை போட்ட மைலோ டின்னில் ஒவ்வொன்றாகப் போடச் சொல்லி நேரம் எடுங்கள், வலது கை, இடது கை தனித்தனியாக.

தள்ளாட்டம் சிறுமூளையாலா, பாத நரம்பாலா என்று ஓரளவு பிரிக்கவும் ஒரு வழி. குளியலறையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போதுதான் சாய்கிறார், கண் திறந்தால் நிற்கிறார் என்றால் பாதத்திலிருந்து வரும் உணர்வு போயிருக்கிறது. கண் திறந்தாலும் மூடினாலும் ஒரே ஆட்டம் என்றால் சிறுமூளைப் பக்கம். இவருக்கு இரண்டும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். எதுவானாலும் குளியலறைதான் இந்த நிலையில் உள்ளவர் விழும் இடம்: கைப்பிடிக் கம்பி, வழுக்காத பாய், உட்கார்ந்து குளிக்கப் பிளாஸ்டிக் நாற்காலி, இரவில் விளக்கு. இந்த வாரமே.

பயிற்சி: நாற்காலியில் உட்கார வைத்து, தரையில் சாக்பீஸால் நான்கு குறி போடுங்கள். குதிகாலை ஒரு குறியிலிருந்து அடுத்ததற்கு, கண்ணால் பார்த்துக்கொண்டே, ஒன்று-இரண்டு-மூன்று என்று எண்ணிக்கொண்டே மெல்ல நகர்த்த வேண்டும். வேகம் வேண்டாம், சரியாகப் போய் நிற்பதுதான் குறி. ஒரு காலுக்கு 10 முறை. பிறகு சமையல் மேடையைப் பிடித்து நின்று எடையை இடமிருந்து வலம் மாற்றுவது, பிடியை இரண்டு கையிலிருந்து ஒரு கைக்கும், அப்புறம் ஒரு விரலுக்கும் குறைப்பது. ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. களைத்த பிறகு செய்தால் தவறான அசைவுதான் பழகும், அதனால் நிறுத்திவிடுங்கள்.

சிலிப்பரைத் தூக்கிப் போடுங்கள். பின்னால் வார் உள்ள, மூடிய சப்பாத்து. பாதம் தொங்கி, முட்டியைத் தூக்கித் தூக்கி நடந்தால் கணுக்கால் தாங்கி தேவைப்படும். நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். முட்டியிலிருந்து பாதம்வரை 400 மில்லிமீட்டர் என்றால் கணக்கு உங்களுக்கே தெரியும். மரத்த பாதத்தைத் தினமும் இரவில் பாருங்கள், கொப்புளம், வெட்டு அவருக்கு வலிக்காது. நரம்பு திரும்பும் காலத்தில் கால் விறைப்பாக மாறினால் பயந்துவிட வேண்டாம், ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள்: நரம்புச் சேதம் மறைத்து வைத்திருந்த முதுகுத்தண்டுப் பாதிப்பு அப்போதுதான் வெளியே தெரியும்.

தண்ணீர் குடித்ததும் இருமுகிறாரா என்றும் பாருங்கள். இருமினால் பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளரை முன்கூட்டியே கேட்க வேண்டும். கோலாலம்பூரில் என்றால் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம்.


செந்தூல்_இல்லம்

டாக்டர், ஐயா, அக்கா, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தோசைச் சோதனையை இன்று காலை செய்தோம். கேட்டபோது எதுவும் வரவில்லை, தேர்வு கொடுத்ததும் உடனே "ரொட்டி சானாய்" என்றார், அதுதான் சரி. ஞாயிற்றுக்கிழமை அவர் அம்மா வருகிறார், அப்போதும் செய்கிறோம்.

இன்னும் மூன்று சந்தேகம். கார் சாயம் அடிக்கும் பட்டறை ஒன்றில் வேலை தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார், அனுப்பலாமா? அவர் மறுபடி முகர்கிறாரா என்று சிறுநீர் சோதனையில் தெரியுமா? ஒருவேளை முகர்ந்துகொண்டிருக்கும்போதே பார்த்துவிட்டால் என்ன செய்வது?


ஆய்வகம்_கெப்போங்

கடைசிக் கேள்விதான் முதலில், உயிர்ப் பிரச்சினை என்பதால். துரத்தாதீர்கள், கத்தாதீர்கள், பின்னாலிருந்து பிடிக்காதீர்கள். இந்த ஆவிகள் இதயத்தை அட்ரினலினுக்கு மிகையாகத் துடிக்கும்படி ஆக்கிவிடும். பயந்து ஓடும் அந்த நிமிடத்தில் துடிப்பு தாறுமாறாகி விழுந்து சாகலாம், முதல் முறை முகர்பவருக்கும் இது நேரும். மெல்லிய குரலில் பேசி, பையைக் கீழே வைக்கச் சொல்லி, ஜன்னல் கதவைத் திறந்து, அருகில் சிகரெட், அடுப்பு எதுவும் எரியாமல் பார்த்து, உட்கார வையுங்கள். மயங்கினால் பக்கவாட்டில் படுக்க வைத்து அவசர எண் 999ஐ அழையுங்கள். மூச்சில்லை என்றால் உடனே நெஞ்சழுத்தம். எதை முகர்ந்தார் என்று தெரிந்தால் தேசிய நச்சு மையத்தையும் அழைக்கலாம், 1-800-88-8099, அது பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது.

சிறுநீர்: மருந்தகத்தில் வாங்கும் போதைப்பொருள் பட்டையில் டொலுவீன் தெரியவே தெரியாது. ஆய்வகத்தில் பார்க்கும், டொலுவீன் உடலில் மாறி உருவாகும் ஹிப்பூரிக் அமிலம் ஒரு நாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். அதோடு, பென்சோயேட் சேர்த்த குளிர்பானம், ஜாம், சோஸ் எல்லாமே அதைக் கூட்டும். அதை வைத்து ஒருவரைக் குற்றம் சாட்ட முடியாது. அதே போல டொலுவீனிலிருந்து உருவாகும் ஓ-கிரெசாலை, அல்லது மாறாத டொலுவீனையே அளப்பது மேல். நடைமுறையில் கண்ணும் மூக்கும்தான்: வாயையும் மூக்கையும் சுற்றிச் சிவந்த வெடிப்பு, மூச்சில் தின்னர் வாசம், சட்டைக் கையில் சாயக் கறை. மூச்சில் அந்த வாசம் பல மணி நேரம் நிற்கும்.


நரம்பியல்_பினாங்கு

பட்டறை வேலை வேண்டாம் அக்கா, உறுதியாகச் சொல்கிறேன். மலேசியாவில் 2000ஆம் ஆண்டு விதிமுறைப்படி டொலுவீனின் எட்டு மணி நேரச் சராசரி வரம்பு காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு. அது நல்ல நிலையில் உள்ள தொழிலாளிக்குப் போட்ட கணக்கு. மூடிய இடத்தில் சாயம் அடிக்கும்போது முகக்கவசம் சரியாக இல்லை என்றால் அதைத் தாண்டுவது எளிது. சேதமான மூளைக்கு அது வேண்டாம், கூடவே அந்த வாசமே பழைய பழக்கத்தைத் தூண்டும். அச்சகம், மரச்சாமான் மெருகு, செருப்புத் தொழில், நக அலங்காரக் கடையும் இதே பட்டியல்தான். மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் ஏணியில் ஏறுவதும் கோட்டு நடை 10 அடி முழுதாக வரும்வரை பேச்சுக்கே இடமில்லை.

செடி வளர்ப்பு, துணி மடித்தல், பொருள் எண்ணி அடுக்குதல் போல ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வரும் வேலை பொருந்தும். முதலில் நாளுக்கு இரண்டு மணி நேரம். படிகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் குறை நிலைத்திருந்தால் சமூகநல இலாகாவில் ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், படிவத்தில் டாக்டர் சான்று எழுத வேண்டும்.

இல்லத்தில் உள்ள தின்னர், சப்பாத்துப் பசை, ஸ்ப்ரே டின், லைட்டர் கேஸ், திருத்தும் மை எல்லாவற்றையும் இன்றே பூட்டில் வையுங்கள். பூச்சிக்கொல்லி ஸ்ப்ரேயையும் மறக்காதீர்கள். தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரையும், கூட்டாளிகள் கொடுக்கும் பீரும் வேண்டாம், இரண்டுமே சிறுமூளையை இன்னும் ஆட வைக்கும். வலிப்பு வந்து ஃபெனிட்டோயின் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் அதைத் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி ரத்த அளவு பார்க்கச் சொல்லுங்கள். அளவு கூடினால் அந்த மருந்தே தள்ளாட வைக்கும்.

ரத்த முடிவு வந்ததும் பொட்டாசியம், பி12 எண்களை இங்கே போடுங்கள்.